சளி வந்த வழி

எழுபதுகளின் நடுவில், பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு டிரசராக வேலைக்குப் போனேன். டிரசர் என்றால் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர் மாதத்துக்கு இரண்டு தடவைதான் காரில் வந்து போவார் என்பதால், மற்ற நாள்களில் தோட்டத்துக்கு டாக்டர், நர்ஸ், மருந்துக் கடை எல்லாமே டிரசர்தான். காயம் கட்டுவேன், ஊசி போடுவேன், பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுப்பேன். என் கைக்கு அடங்காத நோயை லாரியிலோ வேனிலோ ஏற்றித் தாப்பா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஈப்போவில் பிறந்து, அங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்தவன். கல்யாணம் ஆகவில்லை. எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

வருடக் கடைசி மழை தொடங்கியதும் மருந்தகத்தின் முன்னால் வரிசை நீண்டுவிடும். பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகும், மீதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும். வந்த நோய் ஒன்றுதான். காரணம் மட்டும் ஆளுக்கு ஒன்று.

"நேத்து வெள்ளரிக்கா தின்னேன் ஐயா, புடிச்சிக்கிச்சு."

"தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட படுத்துட்டேன்."

"பம்பளிமாஸ் ஐயா. ஒரே ஒரு சொளைதான். அது சும்மா வுடுமா?"

தொழிலாளர்கள் குடியிருந்த, ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் எட்டாது. ஒருவர் வந்து, பக்கத்து வீட்டுக்காரன் புதிதாக வாங்கிய மேசை விசிறியின் காற்று அந்த இடைவெளி வழியாக இறங்கித் தன் தலையில் அடித்துச் சளி பிடித்துவிட்டதென்றும், அந்த விசிறியைத் திருப்பி வைக்கச் சொல்லி டிரசர் ஒரு கடிதம் கொடுக்க வேண்டுமென்றும் கேட்டார். ஊசி வேண்டும், வேலைக்கு லீவு தரும் எம்.சி. சீட்டு வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். ஊசியால் சளி போகாது, ஒரு வாரத்தில் அது தானாகப் போகும் என்று சொன்னால், இவனுக்குப் பயிற்சி போதாது என்ற பார்வையோடு இருமல் தண்ணியை வாங்கிக்கொண்டு போவார்கள்.

இதைச் சகிக்க முடியாமல் ஒருநாள் பெரட்டில் பேசுவது என்று முடிவு செய்தேன். பெரட்டு என்பது விடிவதற்குள் எல்லாத் தொழிலாளர்களும் ஆபீஸ் முன்னால் கூடிப் பேர் கொடுக்கும் இடம். அங்கே பேர் வாசிக்கிறவர் எங்கள் மண்டோர், அதாவது கங்காணி. ஆறடி உயரம், கனத்த மீசை, மூன்று ரப்பர் மர நிரைக்கு அப்பால் கேட்கும் குரல். அவரிடம் ஐந்து நிமிடம் கேட்டேன். கொடுத்தார்.

சளி என்பது ஒரு கிருமி, அது மழையிலிருந்து வருவதில்லை, ஆளிடமிருந்து ஆளுக்கு வருகிறது என்று சொன்னேன். தும்மலில் வருகிறது. மூக்கைத் துடைத்த கையால் ஒருவர் தொட்டதை இன்னொருவர் தொட்டுத் தன் மூக்கில் கை வைத்தால் வருகிறது. ஒரே தம்ளரில் இரண்டு பேர் குடித்தால் வருகிறது. மழைக்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு எட்டுப் பேர் ஒரே அறையில் நெருங்கி இருப்பதால்தான் அப்போது சளி அதிகம், மழைத் தண்ணீரால் இல்லை. ஆகவே ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில் ஒரு தொட்டித் தண்ணீரும் சவுக்காரமும் வைப்போம், எல்லாரும் கை கழுவுவோம், சளி பிடித்தவர் தனித் தம்ளரில் குடிக்கட்டும். இவ்வளவுதான் என் பேச்சு.

முன்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் கேட்டார்.

"அப்ப மழையில நனைஞ்சா சளி புடிக்காதுங்கிறீங்க?"

"புடிக்காது."

"அப்ப எதுக்குக் கொடை வச்சிருக்கீங்க?"

என் கையில் குடை இருந்தது. தூறலும் இருந்தது. நான் ஏதோ சட்டை, இஸ்திரி என்று ஆரம்பித்தேன். நூற்றுச் சொச்சம் பேர் சிரித்த சிரிப்பில் அது யாருக்கும் கேட்கவில்லை.

அந்த அம்மாள் மண்டோரின் மனைவி. நாற்பது வயது இருக்கும். தோட்டத்திலேயே முதலில் தன் நிரையை வெட்டி முடிக்கிறவர். அவர் நாக்கு அதைவிட வேகம். எல்லாருக்கும் அவர் அக்கா, எனக்கும்தான்.

"இப்புடிச் செய்வோம்லா," என்றார் அக்கா. "ஞாயித்துக்கெழம மழையில நீங்க ஒரு மணி நேரம் நனைஞ்சி காட்டுங்க. சளி புடிக்கலன்னா, மறுநாளே நாங்க எல்லாரும் கை கழுவுறோம். புடிச்சா, இந்தப் பேச்ச வுட்டுறணும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். இருபத்தைந்து வயதில் அந்தச் சொல் எளிதில் வராது.

சனிக்கிழமை நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்து லாரி டிரைவர், பிள்ளைத்தாய்ச்சியாயிருந்த மைத்துனியைப் பார்க்கப் போன மனைவியையும் பிள்ளைகளையும் சித்தியவானிலிருந்து கூட்டி வந்தார். வரும்போதே குடும்பம் முழுவதற்கும் சளி. முதல் மழையில் வந்த சளி ஓய்ந்துபோய், தோட்டத்தில் அந்த வாரம் வேறு யாருக்கும் சளி இல்லை. டிரைவர் மருந்தகத்துக்கு வந்தார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தேன். அப்போது, என் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் ஒரு சாண் தூரம்தான் இருக்கும், ஒரு தும்மல் போட்டார். டார்ச் அணைந்தே போயிற்று.

"சாரிலா டிரசர்," என்று என் கன்னத்தைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டார்.

இந்த டிரைவர் மண்டோரின் கூடப் பிறந்த தம்பி. ஆனால் அண்ணன் தம்பி ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் ஓர் ஆட்டுத் தலை. தோட்டத்து முனீஸ்வரன் பூசையில் வெட்டும் கிடாயின் தலை, மரியாதையாக மண்டோர் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு வருடம் கறி பங்கு போட்டவர்கள் ஆள் மாறித் தம்பி வீட்டில் கொடுத்துவிட்டார்கள். தவறு தெரிவதற்குள் அது சூப்பாகிக் காலியாகிவிட்டது. அன்று முதல் இரண்டு வீடும் எதிரெதிர் லயத்தில் இருந்துகொண்டே ஒன்றை ஒன்று பார்ப்பதில்லை. மண்டோர் பெரட்டில் தம்பி பேரைக்கூட வாசிக்க மாட்டார். "லாரி" என்று மட்டும் கூப்பிடுவார். தம்பி பதில் சொல்லாமல் ஹார்ன் அடிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மழை பிடித்தது. நான் கைலியும் பனியனுமாகப் பள்ளிக்கூடத் திடலின் நடுவில் போய் நின்றேன். லயத்து வாசல்களில், பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில், கோயில் கூடாரத்தில் தோட்டமே கூடியிருந்தது. யாரோ கச்சான் கடலை வறுத்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் சொன்னார். மண்டோர் ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு எங்கோ போய்விட்டார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் நினைவில் வைக்கவில்லை.

முதல் கால் மணி நேரம் சுகமாகவே இருந்தது. அப்புறம் பல் தந்தியடிக்கத் தொடங்கியது. ஓர் இடி இடித்தபோது, "இடி வுழுந்தா அது சளிக் கணக்குல சேராது!" என்று ஒருவர் கத்தினார். மணி முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா ஒரு தேங்காய்ப்பூத் துண்டைக் கொண்டுவந்து என் தோளில் போட்டு, "தலையத் தொடைங்க, சளி புடிச்சிக்கும்," என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

திங்கட்கிழமை சாயங்காலம் தொண்டையில் ஓர் அரிப்பு. அது என்ன என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தும்மல்தான். ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்தேன். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். மற்றவர்களுக்குச் சளிக்கு மருந்தே கிடையாது என்று சொல்கிறவன், கதவைச் சாத்திக்கொண்டு அலமாரியில் இருந்த தைலத்தில் பாதியை நெஞ்சில் தேய்த்தேன்.

செவ்வாய்க்கிழமை பெரட்டுக்குப் போகாமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்று போனேன். கடைசி வரிசையில், விளக்கு வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து நின்றேன். மண்டோர் பேர் வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பேருக்கும் "இருக்கேன்" என்று பதில். எனக்குள் ஒரு தும்மல் கிளம்பி மூக்கின் நுனி வரைக்கும் வந்து நின்றது. மூச்சை அடக்கினேன். மூக்கைக் கிள்ளினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மண்டோர் ஒரு பேரை வாசித்தார். அந்த ஆள் அன்று வேலைக்கு வரவில்லை. எல்லாரும் அமைதியாக இருந்த அந்த நொடியில் நான் தும்மினேன்.

"ஆள் வந்தாச்சு," என்று மண்டோர் குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அன்று பெரட்டு நடக்கவில்லை. சிரித்துச் சிரித்து ஒரு பெண் பால் வாளி மேல் உட்கார்ந்துவிட்டாள். அன்று மத்தியானத்துக்குள் எனக்கு மழை டிரசர் என்று பேர் விழுந்துவிட்டது.

"மழையால இல்ல, லாரி டிரைவர் என் மூஞ்சியில தும்முனாரு," என்று எத்தனையோ பேரிடம் சொன்னேன். கிராணி எனக்குப் பொறுமையாக விளக்கினார்:

"டிரைவர் தும்முனது சனிக்கெழம. நீங்க நனைஞ்சது ஞாயித்துக்கெழம. சளி வந்தது திங்கக்கெழம. திங்களுக்குக் கிட்ட எது இருக்கு? ஞாயிறா, சனியா?"

இந்தக் கணக்கை உடைத்தாக வேண்டும். அதனால் ஆதாரம் தேடக் கிளம்பினேன். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வீடு வீடாக ஏறி இறங்கினேன். யாருக்குச் சளி, எந்த நாள் ஆரம்பித்தது, அதற்கு முன்னால் யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள், யார் தம்ளரில் குடித்தீர்கள் என்று கேட்டு எழுதினேன். சிலர் இது அரசாங்கக் கணக்கெடுப்பு என்று நினைத்துக் அடையாள அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார்கள். வயதுக்கு வந்த பெண் இருந்த ஒரு வீட்டில், "ஒங்க வீட்டுக்கு யார் யார் வந்து போவாங்க?" என்று கேட்டபோது, தாயார் உள்ளே போய்ப் பெண்ணைச் சேலை மாற்றி வரச் சொல்லிவிட்டார். டீ குடித்துவிட்டு ஓடி வந்தேன்.

ஆனால் வேலை நடந்தது. அந்த வார முடிவில் நோட்டில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் பேரிலிருந்தும் ஒரு கோடு இழுத்தால் அது டிரைவர் வீட்டில் போய் முடிந்தது. டிரைவரின் பிள்ளைகள், அவர்களோடு, வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விளையாடிய பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள், லாரியில் பால் ஏற்றுகிற இரண்டு பேர், நான். ஒரே ஒருவருக்கு மட்டும் கோடு இல்லை. புதன்கிழமை தும்ம ஆரம்பித்த மண்டோர்தான் அவர். அந்த வீட்டுப் பக்கமே தலை வைத்துப் படுக்காத மனிதர்.

அவரை மருந்தகத்துக்கு வரவழைத்தேன்.

"அண்ணே, போன வாரம் சளி புடிச்சவங்க யார் பக்கத்துலயாவது இருந்தீங்களா?"

"இல்லியே."

"யார்கூடயாவது ஒரே தம்ளர்ல குடிச்சீங்களா?"

"சேச்சே."

"அப்ப எப்படி வந்துச்சு?"

"மழைதான்," என்றார். ஆறடி மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தார்.

நான் நோட்டைத் திறந்து கோடுகளைக் காட்டினேன். எல்லாக் கோடும் எங்கே போகிறது என்று காட்டினேன். கோடு இல்லாத அவர் பேரையும் காட்டினேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டிரசர், ஒங்க காலப் புடிச்சிக் கேக்குறேன். இத யாருக்கும் காட்டாதீங்க."

அப்புறம் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெருமழையில் அண்ணனும் தம்பியும் பழைய புகைக்கூடத்தில் ஒதுங்கியிருக்கிறார்கள். முன்பு ரப்பர் சீட்டுகளைக் காய வைத்த இடம் அது. தோட்டம் பாலை அப்படியே ஆலைக்கு அனுப்ப ஆரம்பித்த பிறகு யாரும் போகாத கட்டடம். மழை மூன்று மணி நேரம் விடவில்லை. "எவ்ளோ நேரந்தான் பேசாம இருக்க முடியும்?" என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் அங்கே போய் டாம் ஆடுகிறார்கள். பலகையில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு, சோடா மூடிகளை வைத்து ஆடுகிற ஆட்டம்.

"நான் நனைஞ்ச அன்னிக்குமா?"

"அன்னிக்குத்தான் ரொம்ப நேரம் ஆடுனோம். தோட்டமே ஒங்களப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. எங்களுக்கு அதவிட நல்ல நேரம் கெடைக்குமா?"

"அக்காகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

அவர் மீசையைத் தடவினார். "அவ எனக்காகத்தான் அந்த வீட்டோட சண்ட போட்டுக்கிட்டு இருக்கா. நான் சமாதானமாயிட்டேன்னு எப்புடிச் சொல்றது? ரெண்டு வருசமாச் சொல்லலாம் சொல்லலாம்னு இருக்கேன். நாள் ஆக ஆக இன்னும் பயமா இருக்கு."

என் நோட்டு இருந்தால் என் மானம் திரும்பிவிடும். ஆனால் அதைக் காட்டினால் இந்த மனிதர் கெட்டார். சரி, மழை டிரசராகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை மறுநாள் காலை வரைக்கும்தான். வரிசை முடிந்த பிறகு அக்கா வந்தார். அவருக்கு நோய் ஒன்றும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, ஒரு கேள்வி. மழையில நனைஞ்சா சளி புடிக்காதுன்னு சொன்னீங்களே, அது நெசந்தானா?"

தோட்டத்தில் ஒருவராவது நம்புகிறாரே என்று எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"நெசந்தான் அக்கா."

"ஆள்கிட்டேருந்து ஆளுக்குத்தான் வரும்?"

"ஆமா."

"கையில, தும்மல்ல, எச்சத் தம்ளர்ல?"

"அதேதான்!"

"நானும் வீட்டுக்குப் போயி யோசிச்சிப் பாத்தேன். நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கு. அதான் எங்க வீட்டுக்காரருக்குத் தனித் தம்ளர், தனிப் பாய் குடுத்து அடுப்படியில படுக்க வச்சிருக்கேன். எனக்கு ஒண்ணும் வரல பாருங்க." நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தார். "இப்பச் சொல்லுங்க. அவருக்கு யார்கிட்டேருந்து வந்துச்சு?"

நான் மாத்திரை டப்பாக்களை அடுக்கத் தொடங்கினேன்.

"எங்க லயத்துல ஒருத்தருக்கும் சளி இல்ல. பெரட்டுல அவரு தள்ளித்தான் நிப்பாரு. கள்ளுக் கடைக்குப் போற ஆளும் இல்ல. இந்தத் தடவ தோட்டத்துல மொதல்ல சளி வந்தது அந்த லாரிக்காரன் வீட்டுக்கு. அவங்க எங்க வாசல மிதிக்கிறதில்ல, நாங்க அவங்க வாசல மிதிக்கிறதில்ல. அப்ப அது எப்புடி நடந்து வந்துச்சு?"

வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, எந்த வாயால் பெரட்டில் பேசினேனோ அதே வாயால் சொன்னேன்:

"மழையில நனைஞ்சிருப்பாரு அக்கா."

அதுவரை ஐயா என்று கூப்பிட்ட அக்கா தம்பிக்கு இறங்கினார்.

"தம்பி, ஒரு மணி நேரம் தண்ணியில நின்னீங்க. மூக்கு ஒழுகிக்கிட்டே நோட்டத் தூக்கிக்கிட்டு, மழை இல்ல மழை இல்லன்னு வீடு வீடாப் போனீங்க. இப்ப எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் மழையா?"

"சில பேருக்கு அப்படி..."

"அந்த நோட்டக் குடுங்க."

நோட்டு மேசைமேல் இருந்தது. என்னை அறியாமல் அதன் மேல் கையை வைத்துவிட்டேன்.

"குடுக்க வேணாம்," என்று எழுந்தார் அக்கா. "மூடுனீங்க பாருங்க, அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் சார்டின் டின்னைத் திறந்துகொண்டிருந்தேன். வாசலில் அக்கா நின்றார்.

"செருப்ப மாட்டிக்கிட்டு வாங்க தம்பி. நீங்க சொன்ன கிருமி எந்த வழியா வந்துச்சுன்னு போயிப் பாக்கலாம்."

"எனக்கு எதுக்கு அக்கா..."

"நீங்கதானே டிரசர்?"

கணவர் எல்லை வாய்க்காலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பியிருக்கிறார். ஒரு பிளாஸ்க் காப்பியும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். வாய்க்கால் பார்க்கப் போகிறவருக்குப் பிளாஸ்க் எதற்கு என்று அக்கா தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். அவர் வாய்க்கால் பக்கம் திரும்பவே இல்லை, பழைய புகைக்கூடத்துப் பாதையில் இறங்கியிருக்கிறார். நாங்கள் மரங்களுக்கு நடுவே நடந்தோம். நான் இரண்டு முறை பலமாக இருமி எச்சரிக்கை கொடுக்கப் பார்த்தேன். "ஒங்களுக்குச் சளி வுட்டு நாலு நாளாச்சு," என்றார் அக்கா திரும்பிப் பார்க்காமலே.

புகைக்கூடத்துக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கரி படிந்த சுவருக்கு அருகில், ஒரு பலகைக்கு இரண்டு பக்கமும் அண்ணனும் தம்பியும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மண்டோர் பிளாஸ்க் மூடியில் காப்பியை ஊற்றி ஒரு வாய் குடித்தார். தம்பியிடம் கொடுத்தார். தம்பி ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"டிரசர்," என்றார் அக்கா. "இதானா?"

"இதேதான் அக்கா," என்றேன். அந்த நிலைமையிலும் நான் சொன்னது சரியாகிவிட்டதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. மறைத்துப் பயனில்லை.

இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல எழுந்து நின்றார்கள். சோடா மூடிகள் உருண்டன. அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர்களும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அவர் கத்தவில்லை.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமா," என்றார் மண்டோர். பெரட்டில் ஒலிக்கும் குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"ரெண்டு வருசம்." அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் மட்டுந்தான் சண்ட போட்டுக்கிட்டு இருந்தேனா? அவளும் நானும் ஒரே நாள்ல இந்தத் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்தவங்க. அவ ரெண்டாவது புள்ள பெத்துக் கெடந்தப்ப எட்டிப் பாக்கல நான். அந்தப் புள்ள என்ன நெறம்னுகூட எனக்குத் தெரியாது. எல்லாம் யாருக்காக? ஒனக்கு ரோசம் இருக்கும்னு நெனச்சில்ல இருந்தேன்?"

மண்டோர் உருண்ட சோடா மூடிகளைப் பொறுக்கக் குனிந்தார். டிரைவர் ஒரு தும்மல் போட்டார்.

அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தார். "யாரு தோக்குறது?"

"அண்ணன்தான் அண்ணி," என்றார் டிரைவர். ஆறு வருடத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் அண்ணி அதுவாகத்தான் இருக்கும். "எப்பவுமே அண்ணன்தான்."

"பலகைய எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க. இந்தக் கரிக்குள்ள ஒக்காந்தா மூச்சு முட்டும்."

சொல்லிவிட்டு அவர் எங்களுக்குக் காத்திருக்கவில்லை. வந்த வழியே போனார். நேராகத் தம்பி வீட்டு வாசலுக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் மூன்று பேரும் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பெண்களும் வாசலிலேயே ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு சின்னப் பெண் பிள்ளை, நான்கு வயது இருக்கும், மூக்கு ஒழுக நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. அக்கா அதைத் தூக்கி முத்தம் கொடுத்தார். "அக்கா, அதுக்குச் சளி இன்னும்..." என்று நான் ஆரம்பித்தேன். மண்டோர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

திங்கட்கிழமை பெரட்டில் பேர் வாசித்து முடிந்ததும் அக்கா முன்னால் வந்து நின்றார்.

"டிரசர் சொன்னது நெசம். டிரசர்தான் பொய் சொன்னாரு. நாளையிலேருந்து எல்லாரும் கை கழுவணும்."

இதில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. "பந்தயத்துல அவருதானே தோத்தாரு?" என்று ஒருவர் கேட்டார். "ஒனக்கு எதுக்கு? கைய நீட்டு," என்றார் அக்கா. மறுநாள் பால் கொட்டகையில் தொட்டியும் சவுக்காரமும் வந்துவிட்டன. நான் வைத்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அக்கா பக்கத்தில் நின்றதால் எல்லாரும் கழுவினார்கள். பால் கணக்குப் பார்க்க வந்த துரையையே அக்கா தொட்டிக்கு அனுப்பினார், அவரும் என்ன ஏது என்று கேட்காமல் கழுவிவிட்டுப் போனார். அதனால் தோட்டத்தில் சளி எவ்வளவு குறைந்தது என்று என்னால் கணக்குச் சொல்ல முடியாது. மழைக்காலம் வந்தால் வரத்தான் செய்தது. ஆனால் ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் முழு வீடும் படுத்துவிடுவது குறைந்தது. வெள்ளரிக்காயும் பம்பளிமாஸும் மட்டும் தங்கள் கெட்ட பேரிலிருந்து கடைசி வரைக்கும் தப்பவில்லை.

புதன்கிழமை காலை அக்கா மருந்தகத்துக்கு வந்தார். மூக்கு சிவந்து, குரல் கட்டியிருந்தது.

"எப்புடி வந்துச்சுன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியும்," என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய ஓர்ப்படியாளும் வந்து சேர்ந்தார். டிரைவர் மனைவிக்கு முதல் சளி விட்டு, இரண்டு நாளில் இருமல் மறுபடி திரும்பியிருந்தது. நான் விதிமுறையைச் சொன்னேன்: பிள்ளைகளிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும், ஆண்களுக்குச் சமைத்துப் போடக் கூடாது, தனித் தம்ளர், தனிப் பாய். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்குமே சளி இருப்பதால் ஒரே வீட்டில் சேர்ந்து இருக்கலாம் அல்லவா என்று அக்கா கேட்டார். அதில் தப்பில்லை என்று நினைத்தேன். ஐந்து நாளுக்கு எம்.சி. எழுதிக் கொடுத்தேன். மண்டோரும் டிரைவரும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதிர் வீட்டில் சோறு பொங்கினார்கள். தீய்ந்த வாசனை என் குவார்ட்டர்ஸ் வரைக்கும் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் மறுபடி வந்தார்கள். முகம் தெளிந்திருந்தது. தொண்டையைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது.

"இன்னும் ரெண்டு நாளைக்கு எம்.சி. குடுங்க ஐயா," என்றார் அக்கா.

"அதான் சளி போயிடுச்சே அக்கா?"

"சளி போயிடுச்சு," என்றார். "பேச்சு இன்னும் முடியல. இப்பத்தான் மூணாவது வருசத்துக்கு வந்திருக்கோம்."

நான் பேனாவை எடுத்தேன். நோயின் பேர் எழுத வேண்டிய இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, கடுமையான சளி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.